தொகையைப் பார்க்கிறோம், வண்ணப் பெட்டியைப் பார்ப்பதில்லை

நம் இளையோர் இப்போது கணக்கு எழுதுவது நோட்டுப் புத்தகத்தில் அல்ல, கூகல் ஷீட்ஸில். பொந்தியானில் என்னிடம் டியூஷன் படிக்கும் படிவம் 4, 5 மாணவர்கள் பரிசோதனை அளவுகளையும் கழகச் சந்தாவையும் அதில்தான் போடுகிறார்கள். டெலிமா கணக்கு இருப்பதால் செலவும் இல்லை. கூட்டல், சராசரிச் சூத்திரங்களைக் கண்ணிமைக்கும் நேரத்தில் போட்டுவிடுவார்கள். அந்தச் சூத்திரம் எந்தக் கட்டங்களை எடுத்துக்கொண்டது என்று திரும்பிப் பார்ப்பவர்தான் அரிது. இதைப் பள்ளியிலேயே பழக்க வேண்டும், அதற்கு மதிப்பெண்ணும் தர வேண்டும் என்பது என் கருத்து.

பார்ப்பது எளிது. விடை இருக்கும் கட்டத்தை இருமுறை சொடுக்குங்கள், அல்லது எஃப்2 விசையைத் தட்டுங்கள். சூத்திரம் எடுத்துக்கொண்ட கட்டங்களைச் சுற்றி வண்ணக் கோடு தோன்றும். சூத்திரத்திலும் அந்தப் பகுதி அதே வண்ணத்தில் தெரியும். எந்த வரிசை உள்ளே, எது வெளியே என்பது ஒரே பார்வையில் விளங்கிவிடும். எதுவும் தெரியாவிட்டால் அதுவும் ஒரு செய்திதான்: அங்கே சூத்திரமே இல்லை, யாரோ எண்ணைக் கையால் தட்டியிருக்கிறார்கள்.

எங்கள் ஊரில் ஒரு நிகழ்ச்சிக்கு நன்கொடை திரட்டினார்கள். மொத்தத் தொகைக்கான சூத்திரம் தாளின் மேலே இருந்தது. சி4 முதல் சி40 வரை கூட்டியது. கடைசியாக வந்த 3 பெயர்கள் 41, 42, 43ஆம் வரிசைகளில் ஏறின. வரிசைகளுக்கு நடுவில் சேர்த்திருந்தால் சூத்திரம் தானாக விரிந்திருக்கும். அடியில் சேர்த்ததால் விரியவில்லை. ரசீதுப் புத்தகத்துக்கும் தாளுக்கும் 150 ரிங்கிட் வித்தியாசம். பணம் பத்திரமாக வங்கியில்தான் இருந்தது. ஆனால் பொருளாளரான இளம்பெண்ணைப் பார்த்துக் கூட்டத்தில் கேட்ட கேள்விகள் இருக்கின்றனவே! தாளைத் திறந்து பார்த்தபோது வண்ணக் கோடு 40இல் நின்றிருந்தது. அதற்கு ஒரு நிமிடம் ஆனது. அடுத்த ஆண்டு அவர் பொறுப்பேற்க மறுத்துவிட்டார்.

சின்ன ஊர்க் கணக்கு என்று ஒதுக்கிவிட வேண்டாம். பேராசிரியர்கள் கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இருவரும் 2010இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பொதுக் கடன் உள்நாட்டு உற்பத்தியில் 90 விழுக்காட்டைத் தாண்டிய நாடுகளில் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 விழுக்காடு என்றது அது. அரசுச் செலவைக் குறைக்கச் சொன்னவர்கள் இதை மேற்கோள் காட்டினார்கள். 2013இல், வகுப்புப் பயிற்சிக்காக அதே கணக்கைப் போட்டுப் பார்த்த மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ண்டனுக்கு விடை ஒத்துவரவில்லை. ஆய்வாளர்களின் எக்செல் கோப்பையே கேட்டு வாங்கித் திறந்தார். எல்49 வரை போக வேண்டிய சராசரி எல்44இல் நின்றிருந்தது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஐந்தும் வெளியே! திருத்திய சராசரி 2.2 விழுக்காடு என்று அவரும் அவருடைய பேராசிரியர்களும் எழுதினார்கள். வித்தியாசம் முழுவதற்கும் இந்த ஒரு தவறு காரணமல்ல. சில தரவுகளை விட்டதும் நாடுகளுக்குக் கொடுத்த எடையும்தான் பெரும் பங்கு. ஆனாலும் வரிசைகள் விடுபட்டதை ஆய்வாளர்களே ஒப்புக்கொண்டார்கள். படிப்பு குறைவானவர்களுக்கு மட்டும் வருகிற தவறா இது?

வண்ணக் கோடு எல்லாவற்றையும் காட்டாது என்பதும் உண்மை. 50 என்பதை 5 என்று தட்டியிருந்தால் அது கண்டுபிடிக்காது. பார்த்து முடித்ததும் எஸ்கேப் விசையைத் தட்டி வெளியேறுங்கள். சூத்திரம் திறந்திருக்கும்போது வேறு கட்டத்தில் சொடுக்கினால் சூத்திரமே மாறிவிடலாம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அச்சடித்த தாளில் இந்த வண்ணம் வராது. எனவே தாளை வாங்காமல், திருத்தும் அனுமதியுடன் கோப்பின் இணைப்பையே வாங்குங்கள். மாணவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஏதாவது ஒரு விடையைச் சொடுக்கி, “இந்தக் கோடு ஏன் இங்கே நிற்கிறது?” என்று கேளுங்கள்.