ஆடுகளத்துக்கு மாதச் சந்தா
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

விளையாட்டு என்றவுடன் நம் ஆசிரியப் பெருமக்களுக்குக் கபடியும் கைப்பந்தும் நினைவுக்கு வரும். ஆன்லைன் விளையாட்டு என்றாலோ ரம்மியும் கடன்பட்ட குடும்பங்களும்தான் நினைவுக்கு வரும். அந்த அச்சம் நியாயமானதே. ஆயினும், பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், மின்விளையாட்டைத் தனியே பிரித்து அங்கீகரித்தது என்பதைப் பணிவுடன் நினைவூட்ட விரும்புகிறேன். நான் எழுதப் புகுந்தது இந்த இரண்டாம் வகையைப் பற்றித்தான். நாலு நண்பர்கள் அவரவர் வீட்டிலிருந்தபடியே சேர்ந்து பந்தடிக்க ஏற்றது கம்ப்யூட்டரா, டி.வி.யில் மாட்டி ஆடும் கன்சோலா?

வில்லாபுரத்தில் எங்கள் தெரு நண்பன் ஒருவன் பழைய கன்சோல் ஒன்றை வாங்கினான். நால்வர் பணம் போட்டு ஒரு கால்பந்து டிஸ்க் வாங்கினோம். ஒரு மாதம் கொண்டாட்டம். பிறகு சந்தா முடிந்தது. ஆன்லைன் ஆட்டமும் நின்றது. பெட்டி அவனுடையது. டிஸ்க் எங்களுடையது. இண்டர்நெட்டுக்கும் அவன் தனியே மாதாமாதம் கட்டுகிறான். மட்டையும் பந்தும் நாமே கொண்டு போன பிறகு, மைதானத்து வாசலில் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து மாதக் கட்டணம் கேட்டால் நமக்கு எப்படி இருக்கும்? எண்ணிப் பாருங்கள்!

இன்றைய பெரிய கன்சோல் கம்பெனிகளில் இந்த நாற்காலியை முதலில் போட்டது மைக்ரோசாப்ட். 2002 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் லைவ் சேவை தொடங்கியது. 2006இல் வந்த பிளேஸ்டேஷன் 3இல் சோனி ஆன்லைன் ஆட்டத்துக்குக் கட்டணம் கேட்கவில்லை. 2013இல் பிளேஸ்டேஷன் 4 வந்தபோது அதுவும் சந்தா கேட்கத் தொடங்கியது. 2018 செப்டம்பரில் நிண்டெண்டோவும் அவ்வழியே சென்றது. 2023 செப்டம்பரில் சோனியின் ஆண்டுச் சந்தா அமெரிக்காவில் 60 டாலரிலிருந்து 80 டாலராக உயர்ந்தது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 2021 ஏப்ரலில் மைக்ரோசாப்ட் இலவச ஆட்டங்களுக்குச் சந்தா தேவையில்லை என்று அறிவித்தது. அதாவது, காசு கொடுக்காமல் ஆடுபவனுக்கு வாசல் திறந்தது. காசு கொடுத்து ஆட்டத்தை வாங்கியவனே வாசலிலும் கொடுக்க வேண்டும்!

சர்வர் நடத்தச் செலவாகுமே என்று வாதிடுவர். உண்மைதான். ஆனால் பல ஆட்டங்களின் சர்வர்களை நடத்துவது அந்தந்த ஆட்டத்தை வெளியிட்ட கம்பெனியே தவிர, கன்சோல் கம்பெனி அன்று. கம்ப்யூட்டரிலும் இதே சந்தாவை வசூலிக்க மைக்ரோசாப்ட் 2007இல் முயன்று பார்த்தது. 2008 ஜூலையில் அதைக் கைவிட்டு இலவசமாக்கிவிட்டது. ஏன்? கம்ப்யூட்டர் ஒரே முதலாளியின் வீடன்று. 2003இல் தொடங்கிய ஸ்டீம் அங்கே சந்தா இல்லாமலே வியாபாரம் செய்துகொண்டிருந்தது. விற்பனையில் தனக்கொரு பங்கு எடுத்துக்கொண்டது. 2018 டிசம்பரில் எபிக் கம்பெனி வெறும் 12 சதவீதப் பங்கு போதும் என்று பக்கத்திலேயே கடை விரித்தது. இரண்டு கடை இருக்கும் தெருவில் வாசல் கட்டணம் எடுபடாது.

ஆதலால் கம்ப்யூட்டரே சிறந்தது என்று முடித்துவிடலாமா? அவசரம் வேண்டாம். டிஸ்க் போட்டு ஆடும் கன்சோலுக்கு ஒரு பெருமை உண்டு. டிஸ்க்கை இரவல் கொடுக்கலாம். பழைய பாடப் புத்தகத்தை விற்பது போல விற்கவும் செய்யலாம். ஸ்டீமில் வாங்கியதை விற்க முடியாது. 2024 செப்டம்பரில் ஒரே குடும்பத்தில் ஆறு பேர் வரை பகிர்ந்துகொள்ள வழி செய்தார்கள்; தெருவுக்கு அது பொருந்தாது. 2013 ஜூனில் மைக்ரோசாப்ட் டிஸ்க் இரவலுக்குக் கட்டுப்பாடு விதிக்கப் பார்த்தபோது, ஆடுவோர் எழுப்பிய கூச்சலில் சில நாட்களிலேயே பின்வாங்கியது. ஆனால் அந்த எண்ணம் போய்விட்டதாக நான் நம்பவில்லை. 2021 பிப்ரவரியில் பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு வந்தபோது டிஸ்க் போடும் பெட்டி 49,990 ரூபாய். டிஸ்க் போட இடமில்லாத பெட்டி 39,990 ரூபாய். பத்தாயிரம் மிச்சம் என்று மகிழ்பவர், நண்பனுக்கு இரவல் கொடுக்கும் உரிமையைப் பத்தாயிரத்துக்கு விற்றுவிடுகிறார் என்பேன்.

பெரிய ஆட்டங்களுக்கான கம்ப்யூட்டர் விலை அதிகம், ஏமாற்று வேலையும் அங்கே அதிகம், மறுக்கவில்லை. இருந்தாலும் படிப்பதற்காக வாங்கிய பழைய கம்ப்யூட்டரில், சந்தா கட்டாமல் இரவு ஒரு மணி நேரம் ஆடிவிட்டு ரிக்கார்டு நோட்டு எழுத முடிகிறது. என் ஓட்டு அதற்கே. சந்தாவை எடுத்துவிட்டால், டிஸ்க் போடும் கன்சோலுக்கு ஓட்டை மாற்றிப் போடவும் தயார்.

எங்கள் கால்பந்து டிஸ்க் இப்போது அவனியாபுரத்தில், அந்த நண்பனின் அத்தை மகன் வீட்டில் இருக்கிறது. செமஸ்டர் பரீட்சை முடிந்ததும் வாங்கி வர வேண்டும்.