சில்லு இறங்காவிட்டால் கடைக்கு ஓடாதீர்கள்

உங்களில் சிலர் ரிமோட்டில் பறக்கும் மாதிரி விமானத்துக்குக் காற்றழுத்தத்தால் மடிந்து விரியும் சில்லுகள் பூட்டியிருப்பீர்கள். ஒருநாள் அவை இறங்காது. உடனே பக்கத்தில் நிற்பவர்கள் சொல்வார்கள்: "அதைக் கழற்றி எறி, மின்மோட்டரில் இயங்குவதை வாங்கு." மின்மோட்டர்ச் சில்லு நல்லதுதான். பம்பும் வேண்டாம், குழாயும் வேண்டாம். ஆனால் எங்கே பழுது என்று தெரியாமலே மாற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. முதலில் பழுதைக் கண்டுபிடியுங்கள். அதற்குப் பிறகும் மாற்ற வேண்டுமென்றால் மாற்றுங்கள்.

இதன் வேலை எளிமையானது. பறக்க முன்னம் ஒரு சின்னத் தாங்கியில் காற்றடிக்கிறோம். ஒருவழி வால்வு அந்தக் காற்றைத் திரும்ப வெளியே விடாது. சுவிட்சைத் தட்டினால் சேர்வோ இன்னொரு வால்வைத் தள்ளும். அந்த வால்வு ஒரு குழாயால் காற்றை அனுப்பினால் சில்லு மேலே போகும். மற்றக் குழாயால் அனுப்பினால் கீழே வரும்.

ஆகவே தேடுவதற்கும் ஒரு ஒழுங்கு உண்டு. சில்லு நிலத்தில் படாதபடி விமானத்தைத் தாங்கி வையுங்கள். தயாரிப்பாளர் சொன்ன அழுத்தத்துக்கு, பெரும்பாலும் 7 பார் அளவுக்கு, காற்றடியுங்கள். சில்லு மேலே இருக்க அரை மணித்தியாலம் விட்டு அழுத்தமானியைப் பாருங்கள். பிறகு திரும்பக் காற்றடித்து, சில்லு கீழே இருக்க அதேபோல் பாருங்கள். மேலே இருக்கும்போது மட்டும் அழுத்தம் குறைந்தால், தூக்கும் குழாயின் பக்கம் தேடுங்கள். கீழே இருக்கும்போது மட்டும் குறைந்தால், இறக்கும் குழாயின் பக்கம். இரண்டிலும் குறைந்தால் தாங்கி, இரண்டு வால்வுகள், சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் வளையம் ஆகியவற்றைச் சந்தேகப்படுங்கள்.

இடம் தெரிந்ததும் பொருத்துகளில் சவர்க்காரத் தண்ணீர் தடவுங்கள். குமிழி வருகிற இடம்தான் ஓட்டை. குழாயின் நுனி இறுகிப் போயிருந்தால், அதைக் கொஞ்சம் வெட்டிவிட்டுத் திரும்பச் செருகினாலே போதும். ரப்பர் வளையம் காய்ந்திருந்தால் ஒரு துளி சிலிக்கோன் எண்ணெய். கிழிந்திருந்தால் அந்த வளையத்தை மட்டும் மாற்றுங்கள்.

அழுத்தம் குறையவில்லை, ஆனால் சில்லு அசையவில்லையா? அப்படியென்றால் காற்று ஒழுகவில்லை. தரையில் மோதி உள்ளே ஒரு கம்பி வளைந்திருக்கலாம். சேர்வோ வால்வை முழுதாகத் தள்ளாமலும் இருக்கலாம்.

நொஷாட்டல் குளிரில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 20 பாகைச் சூடுள்ள அறையில் 7 பாருக்கு அடித்த காற்று, 0 பாகைக் குளிரில் ஏறக்குறைய 6.5 பாராக நிற்கும். எங்கும் ஓட்டை இல்லாமலே அரை பார் குறையும். ரப்பர் வளையமும் குளிரில் விறைக்கும். எனவே மைதானத்துக்குப் போய்க் கொஞ்ச நேரம் கழித்து அழுத்தத்தைத் திரும்பப் பாருங்கள்.

பெரிய விமானங்களிலும் இது நடந்திருக்கிறது. 2011 நவம்பர் 1ஆம் தேதி, அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து போலந்தின் வார்சோவுக்குப் போன போயிங் 767 விமானத்தின் சில்லுகள் இறங்கவில்லை. புறப்பட்ட சிறிது நேரத்திலேயே ஒரு குழாயால் ஹைட்ரோலிக் எண்ணெய் ஒழுகிவிட்டது. அப்படி நடந்தால் உதவ மின்சாரத்தால் இயங்கும் மாற்று வழி ஒன்று இருந்தது. அதுவும் வேலை செய்யவில்லை. விமானி தடேயுஷ் வ்ரோனா வயிற்றால் தரையிறக்கினார். 231 பேரும் உயிர் தப்பினார்கள். பிறகு விமானத்தைத் தூக்கி, நின்றுபோயிருந்த ஒரு சின்ன மின் உருகிச் சுவிட்சை உள்ளே தள்ளினார்கள். சில்லுகள் இறங்கின! சில்லுகளையே கழற்றி மாற்றியிருந்தாலும் அந்தச் சுவிட்ச் வெளியேதான் நின்றிருக்கும்.

அந்த விமானியிடம் நாங்களும் ஒன்று பழகலாம். பறக்கும்போது பழுது பார்க்க முடியாது. ஒரு சில்லு மட்டும் இறங்கினால் சுவிட்சையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். விமானத்தைப் பறக்க வையுங்கள். முடிந்தால் எல்லாச் சில்லுகளையும் மேலே இழுத்துவிட்டு, ஆட்கள் இல்லாத புல்லில் வயிற்றால் இறக்குங்கள். அது வெட்கம் இல்லை.

எங்கள் அப்பா அம்மாமார் யாழ்ப்பாணத்தில் சயிக்கிள் ரியூப்பைத் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் அமுக்கிக் குமிழி பார்த்து ஒட்டுப் போட்டவர்கள். 1990களில் பொருளாதாரத் தடை இருந்தது, பற்றரி கிடைக்கவில்லை. சயிக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். இன்று எங்களுக்குப் பிராங் இருக்கிறது, கடையும் இருக்கிறது. அதனால்தான் இந்தப் பழக்கம் எங்களிடமிருந்து சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. இந்த மாநிலத்தில் லா ஷோ-டெ-ஃபோனிலும் லெ லோக்கிலும் மணிக்கூடு திருத்துகிறவர்களும் பாகம் பாகமாகத்தான் பார்க்கிறார்கள்.

அடுத்த முறை சில்லு இறங்காவிட்டால் வீட்டில் ஒரு கிண்ணம் சவர்க்காரத் தண்ணீர் கேளுங்கள். எதற்கு என்று கேட்டால் காட்டுங்கள். குமிழியை உங்களுக்கு முன்னமே அப்பா கண்டுபிடித்தாலும் கண்டுபிடிப்பார்.