மல்லிகையில் கவாத்து: வெட்டிய குச்சியை நடலாமா?

கேள்வி: ‘‘எங்களுக்கு 20 சென்டில் குண்டுமல்லி இருக்கிறது. செடிகளுக்கு 6 வயது. கார்த்திகையில் கவாத்து செய்யச் சொல்கிறார்கள். பூவுக்கு விலை கிடைப்பதே அப்போதுதான். வருமானம் நின்றுபோகும் என்று பயந்து, 2 வருடமாக வெட்டவில்லை. இப்போது பூ குறைந்துவிட்டது. சில செடிகள் மஞ்சளாகவும் இருக்கின்றன. வெட்டும் குச்சிகளை நட்டு, இன்னும் 10 சென்டில் மல்லிகை போட முடியுமா?’’

- வாசகி ஒருவர், நிலக்கோட்டை, திண்டுக்கல் மாவட்டம்.

பதில்: முடியும். ஆனால், எந்தச் செடியில் குச்சி எடுப்பது என்பதில் கவனம் வேண்டும்.

முதலில் கவாத்து. குண்டுமல்லி புதுத் துளிர்களில்தான் மொட்டு வைக்கும். வெட்டாமல் விட்டால் பழைய வாதுகள் பின்னிக்கொண்டு, புதுத் துளிர் குறையும். பனிக்காலத்தில் கிடைக்கும் கொஞ்சம் பூவுக்காக, பங்குனி முதல் ஆடி வரை கொட்ட வேண்டிய பூவை இழக்கிறோம்.

நவம்பர் கடைசி வாரம் கவாத்துக்கு ஏற்றது. சில நாள்களுக்கு முன்பே தண்ணீரை நிறுத்திவிட்டு, தரையிலிருந்து 50 செ.மீ உயரத்தில் வெட்ட வேண்டும். காய்ந்த, நோயுற்ற, உள்பக்கமாகப் பின்னிய வாதுகளை அடியோடு எடுத்துவிட வேண்டும். கத்தி கூர்மையாக இருக்கட்டும். வாது பிளந்தால் அந்த வழியாகப் பூஞ்சணம் இறங்கும். வெட்டியதும் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சி குளோரைடு கலந்து தெளிக்கலாம்.

பிறகு, செடிக்கு 10 கிலோ தொழுவுரம், 65 கிராம் யூரியா, 375 கிராம் சூப்பர் பாஸ்பேட், 100 கிராம் பொட்டாஷ் ஆகியவற்றைத் தூரிலிருந்து 30 செ.மீ தள்ளி இட்டு, மண் அணைத்துத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். ஜூன், ஜூலையில் இதே அளவு ரசாயன உரத்தை மறுபடியும் இட வேண்டும்.

வருமானம் ஒரேயடியாக நிற்கக் கூடாது என்றால், பாதி வரிசைகளை நவம்பரில் வெட்டுங்கள். மீதியைப் பொங்கல் பூ பறித்ததும் வெட்டுங்கள். பின்னால் வெட்டிய பாதி, பூப்பதற்குத் தாமதமாகும். ஆனால், வீட்டுச் செலவுக்குப் பூ இருக்கும்.

அடுத்து, மஞ்சள் செடிகள். இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால், அது இரும்புச்சத்துக் குறை. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு கலந்து மாதம் ஒருமுறை தெளித்தால் தேறிவிடும். செடி வளராமல் சோர்ந்து நின்றால், பக்கவேரைத் தோண்டிப் பாருங்கள். வேரில் முடிச்சுகள் இருந்தால் நூற்புழு. அந்தச் செடியில் பதியன் போடவே கூடாது. பதியன் அந்த மண்ணிலேயே வேர்விடுவதால், நூற்புழுவும் சேர்ந்து புதுத் தோட்டத்துக்குப் போகும். வாடல், வேரழுகல் கண்ட செடிகளில் குச்சியும் எடுக்க வேண்டாம்.

நன்றாகப் பூத்த செடிகளை, பூக்கும் காலத்திலேயே கயிறு கட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். கவாத்தின்போது அவற்றில், இளசும் இல்லாமல் அதிகம் முற்றாமலும் உள்ள வாதுகளைத் தேர்ந்தெடுத்து, 3 அல்லது 4 கணுக்களுடன் 15 முதல் 20 செ.மீ நீளத்துக்கு நறுக்க வேண்டும். அடிப்பக்கம் கணுவை ஒட்டிச் சாய்வாக வெட்டி, அடி இலைகளைக் கிள்ளிவிட வேண்டும். குச்சிகளை ஈரச் சாக்கில் சுற்றிவைத்து, அன்றே நட வேண்டும்.

நிழலான இடத்தில் மணல் கலந்த மேட்டுப்பாத்தி அமைத்து, 2 கணுக்கள் மண்ணுக்குள் இருக்கும்படி நட வேண்டும். பழைய மல்லிகைத் தோட்டத்து மண் கூடாது. ராமநாதபுரம் மாவட்டம், தங்கச்சிமடம் பகுதி மல்லிகை நாற்றுக்குப் பெயர்பெற்றதற்கு அங்குள்ள மணல் நிலமும் ஒரு காரணம். மணலில் தண்ணீர் தேங்காது. பிடுங்கும்போது வேரும் அறுபடாது.

பனிக்காலத்தில் வேர் மெதுவாகத்தான் பிடிக்கும். ஆகவே, கூடுதலாக நட வேண்டும். 1.25 மீட்டர் இடைவெளியில் 10 சென்டுக்கு சுமார் 260 செடிகள் தேவை. 400 குச்சிகளாவது நட்டுவையுங்கள். துளிர் வந்ததுமே பிடுங்கிவிட வேண்டாம். குச்சியில் உள்ள சத்திலேயே துளிர் வரும். வேர் அதற்குப் பிறகுதான். ஜூனில் மழை கிடைத்ததும் நடவு செய்யலாம்.

கேள்வி: ‘‘முல்லை, ஜாதிமல்லிக்கும் இதே மாதம்தானா?’’

- வாசகர் ஒருவர், சத்தியமங்கலம், ஈரோடு மாவட்டம்.

பதில்: இல்லை. ஜாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி வாரம். முல்லைக்கு ஜனவரி கடைசி வாரம்.