இப்போ தெரியுதா?



புதுப்பட்டினத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவர் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் செல்போன் டவர். மொட்டைமாடியில் ஏறினால் அதில் மாட்டியிருக்கும் வெள்ளைப் பெட்டிகளை எண்ணிவிடலாமாம். ஆனால் அடுப்படிக்குள் நுழைந்தால் துபாயிலிருந்து மகன் பேசுவது பாதிதான் கேட்கிறது. “பக்கத்தில் இருந்தும் ஏன் இப்படி? அந்தப் பெட்டிகள் எங்களைப் பார்க்கவே இல்லையா?” என்று கேட்கிறார்.

படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது எங்கள் வீட்டு மொட்டைமாடி. எண்பதுகளின் கடைசியில், கல்பாக்கம் டவுன்ஷிப்பில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலப் படத்துக்கு முன்னால் மாடிக்கு மாடி ஆள் நிற்கும். சென்னைத் தூர்தர்ஷன் வடக்கே எங்கோ. கடற்காற்று ஆன்டெனாவை வேறெங்கோ திருப்பி வைத்திருக்கும். அப்பா மேலே கம்பத்தைப் பிடித்தபடி, அக்கா கீழே டி.வி. முன்னால், நான் நடுவில் மாடிப்படியில்.

“தெரியுதா?”

“புள்ளி புள்ளியா வருதுப்பா.”

“இப்போ?”

“ஐயோ, போச்சு! முன்ன இருந்த மாதிரியே வைங்கப்பா!”

திருப்புகிறவருக்குப் படம் தெரியாது. படம் தெரிகிறவருக்குக் கம்பம் எட்டாது. நான் கொஞ்சம் பராக்குப் பார்த்துவிட்டால் போதும், அக்கா ‘நல்லா இருக்கு’ என்றது மேலே போய்ச் சேர்வதற்குள் அப்பா இன்னும் கால் சுற்று திருப்பியிருப்பார்.

இன்றைய 5ஜி டவருக்கும் அதே சங்கடம்தான். அந்த வெள்ளைப் பெட்டிக்குப் பேனல் என்று பெயர். பெரும்பாலும் மூன்று திசைக்கு மூன்று. ஒவ்வொன்றின் பொறுப்பில் 120 டிகிரி. பெட்டிக்குள் சின்னச் சின்ன ஆன்டெனாக்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலிருந்தும் கிளம்பும் அலையைத் துளி முந்தியோ பிந்தியோ விட்டால், ஒரு திசையில் அலைகள் கைகோத்து வலுக்கும். மற்ற திசைகளில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கிவிடும். கம்பத்தைத் திருப்ப அப்பா வேண்டாம். பெட்டி அசையாமலே கற்றை திரும்பும்.

எந்தப் பக்கம் திருப்புவது என்று பெட்டிக்கு எப்படித் தெரியும்? தெரியாது. அதனால் மாமல்லபுரத்துக் கலங்கரை விளக்கம் மாதிரி ஒவ்வொரு திசையாக வீசிக் காட்டுகிறது. 3.5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் எட்டுத் திசை வரை, 26 கிகாஹெர்ட்ஸில் 64 வரை. வழக்கமாக 20 மில்லி விநாடிக்கு ஒரு சுற்று, அதாவது விநாடிக்கு 50 முறை ‘தெரியுதா?’ என்று கேட்கிறது. நம் கையிலிருக்கும் போன் ஒவ்வொரு திசைக் கற்றையையும் அளந்து, ‘ஐந்தாவதுதான் நன்றாகத் தெரிகிறது’ என்று பதில் அனுப்புகிறது. மாடிப்படியில் இப்போது பையன் இல்லை. பராக்குப் பார்க்கும் பேச்சுக்கே இடமில்லை.

26 கிகாஹெர்ட்ஸில் வேடிக்கை இன்னும் கூடுதல். அங்கே அலையின் நீளம் ஒரு சென்டிமீட்டரைவிடச் சற்றே அதிகம். நாம் போனைப் பிடித்திருக்கும் கையே அதற்குச் சுவர். ஆகவே அந்த அலைவரிசைக்கான போன்களில் விளிம்புகளில் இரண்டு மூன்று குட்டிப் பேனல்களை வைக்கிறார்கள். ஒன்றை விரல் மறைத்தால் இன்னொன்று விழிக்கும். எல்லாவற்றையும் விழித்திருக்கச் சொன்னால் பேட்டரி தாங்காது. தூங்க விட்டால், போனைக் கையில் திருப்பிய நொடியில் அழைப்பு அறுந்துவிடும். எதை எழுப்புவது, எதைத் தூங்கவிடுவது, எந்தப் பேனலில் அளந்த அளவு இது என்று டவருக்கு எப்படிச் சொல்வது என்பதற்கெல்லாம் உலகப் பொறியாளர்கள் கூடி விதி எழுதுகிறார்கள். 5ஜி கருவிகளைச் சோதித்துப் பார்க்க நம் சென்னை ஐ.ஐ.டி.யின் தலைமையில் எட்டு நிறுவனங்கள் சேர்ந்து அமைத்த 5ஜி சோதனைக்களம் 2022 மே மாதம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி நாட்டில் 5ஜி சேவை தொடங்கியது.

அளப்பது என்றேன். அந்த அளவு எவ்வளவு சிறியது தெரியுமா? டி.பி.எம். என்ற கணக்கில், மைனஸ் 70 என்றால் சுகம். மைனஸ் 110 என்றால் திண்டாட்டம். பத்துப் பத்தாக இறங்கும்போது ஒவ்வொரு படிக்கும் பத்தில் ஒரு பங்காகக் குறையும். மைனஸ் 100 என்பது ஒரு வாட்டைப் பத்து லட்சம் கோடியாகப் பங்கிட்டால் வரும் ஒரே ஒரு பங்கு. டவரிலிருந்து வாட் கணக்கில் கிளம்பியது, உங்கள் அடுப்படிக்கு வந்து சேரும்போது இவ்வளவுதான்.

இதை எழுதும்போது அப்பாவின் சட்டையில் குத்தியிருந்த, கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜ் நினைவுக்கு வருகிறது. அவர் வேலை பார்த்த அணுமின் நிலையத்தில் ஆங்காங்கே எத்தனையோ மானிகள் உண்டு. இருந்தாலும் வேலை செய்கிறவர் மார்பிலும் ஒன்று குத்தித்தான் அனுப்புவார்கள். அறையில் எவ்வளவு என்பது வேறு, இந்த ஆள் மீது எவ்வளவு விழுந்தது என்பது வேறு. டவரில் எவ்வளவு, உங்கள் போனில் எவ்வளவு என்பதும் அப்படித்தான். (நம் ஊரில் கதிர்வீச்சு என்ற ஒரே சொல்லால் அணுக்கதிரையும் டவர் அலையையும் சொல்லிப் பயந்துகொள்கிறோம். டவரின் ரேடியோ அலைக்கு அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிய்க்கும் வலு கிடையாது. அதற்கும் 2012 செப்டம்பர் முதல் சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்கு என்று இந்தியா கட்டுப்பாடு வைத்தது.)

அளவு நன்றாக இருந்தால் எல்லாம் சரியா என்றால், அதுவும் இல்லை. காணும் பொங்கலன்று கடற்கரைக் கோயில் பக்கம் போய்ப் பாருங்கள். போனில் சிக்னல் கோடுகள் நான்கும் நிமிர்ந்து நிற்கும். ஒரு படம்கூடப் போகாது. வலு இருக்கிறது, ஆனால் பங்கு கேட்பவர்கள் ஆயிரக்கணக்கில். போதாக்குறைக்குப் பக்கத்து டவர்களின் இரைச்சல் வேறு. அதனால்தான் போன் வலுவோடு தெளிவையும் தனியாக அளக்கிறது.

ஈ.சி.ஆரில் பஸ்ஸில் வரும்போது இன்னொரு கூத்து. அடுத்த டவர் கொஞ்சம் வலுவாகத் தெரிந்தவுடனே போனைத் தாவ விட்டால், ரேஷன் கடையில் வரிசை மாறி மாறி நின்று கடைசியில் ஒன்றும் வாங்காமல் வருகிறவர் கதிதான். எனவே சில டெசிபல் அளவுக்கு மேலே, ஒரு குறிப்பிட்ட நேரம் தொடர்ந்து வலுவாக இருந்தால்தான் மாற்றுவார்கள்.

இத்தனை கெட்டிக்காரத்தனத்துக்கும் மேலே ஏறுகிற மனிதர் வேண்டியிருக்கிறது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரையைக் கடந்தது. அப்படி ஒரு காற்றில் பேனல் பத்து டிகிரி திரும்பிவிட்டால், மூன்று கிலோமீட்டர் தள்ளி அதன் நடுக்கோடு அரை கிலோமீட்டருக்கு மேல் விலகிவிடும். உப்புக்காற்று கனெக்டரை அரிப்பது தனிக் கதை. திசைகாட்டியோடு ஏறி நேராக்குகிறவர் ஒருவர். கீழே காரில் லேப்டாப்பும் போன்களுமாக டிரைவ் டெஸ்ட் போகிறவர் ஒருவர். மேலே அப்பா, கீழே அக்கா.

வாசகிக்கு வருகிறேன். விளக்கடியில் இருட்டு என்பார்களே, அது இங்கேயும் உண்டு. பேனல் தூரத்தைப் பார்த்து லேசாகக் குனிந்திருக்கிறது. அதன் முதன்மைக் கற்றை உங்கள் மாடிக்கு மேலாகவே போய்விடக்கூடும். மிச்சமாக வருவதைக் கான்கிரீட் சுவரும் ஸ்டீல் பீரோவும் தின்றுவிடும். சாய்வைத் திருத்துவது நிறுவனத்தின் வேலைதான். ஆனால் அடுப்படி வரை டிரைவ் டெஸ்ட் கார் வராது. ஆண்ட்ராய்டு போன் என்றால் அமைப்புகளில் ‘சிம் நிலை’ என்ற இடத்தைத் தேடுங்கள். மைனஸ் போட்டு ஓர் எண் இருக்கும். மாடியில் ஒன்று, அடுப்படியில் ஒன்று, ஜன்னல் பக்கம் ஒன்று எனக் குறித்து, புகாரோடு சேர்த்துக் கொடுங்கள். எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்