கடம்பூர் மாளிகையில் தொலைந்துபோன பெண்

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவல் என்றாலே தஞ்சாவூர்தான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. ஆனால் கதை தொடங்குவதும் அதன் பெரிய முடிச்சு விழுவதும் கொள்ளிடத்துக்கு வடகரையில், இன்றைய கடலூர் மாவட்டத்தில். ஆடிப்பெருக்கு நாளன்று கதாநாயகன் வந்தியத்தேவன் குதிரையில் வரும் வீரநாராயண ஏரிக்கரை, இன்று சென்னைக்குக் குடிதண்ணீர் அனுப்பும் வீராணம். அன்றிரவு அவன் தங்கும் கடம்பூர் காட்டுமன்னார்கோவிலுக்குப் பக்கத்து ஊர். சோழப் பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலன் கொல்லப்படுவதும் அதே கடம்பூர் மாளிகையில்தான்.

கொலைக்குக் கல்கி இந்த ஊரைத் தேர்ந்தது தற்செயல் என்று நினைக்க முடியவில்லை. காட்டுமன்னார்கோவிலை ஒட்டிய உடையார்குடியில் அனந்தீஸ்வரர் கோவில் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராயன், பரமேஸ்வரனான இருமுடிச்சோழ பிரமாதிராயன் ஆகியோரைப் பெயர் சொல்லி, அவர்களுடைய சொத்தையும் உறவினர் சொத்தையும் பறிமுதல் செய்த செய்தியைச் சொல்கிறது. கொலை எங்கே நடந்தது, எப்படி நடந்தது, யார் தூண்டினார்கள் என்பதைப் பற்றிக் கல்லில் ஒரு சொல் இல்லை. கல்கிக்கு வேண்டியிருந்தது அந்த மௌனம்தான். ரவிதாசனையும் சோமனையும் கல்வெட்டிலிருந்து எடுத்துக்கொண்டார். கல்வெட்டுக்கு அருகிலேயே ஒரு மாளிகையைக் கட்டிச் சம்புவரையர் என்ற சிற்றரசரைக் குடிவைத்தார். சம்புவரையர்கள் வரலாற்றில் பேர்பெறுவது பிந்திய காலத்தில், வடக்கே படைவீட்டுப் பக்கம். ஆகவே கடம்பூர் மாளிகை முழுக்கக் கற்பனை. அது எழும்பிய அடித்தளம் மட்டும் உண்மை.

1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் தொடராக வந்த ஐந்து பாகக் கதையை, மணிரத்னம் சுமார் ஐந்தரை மணி நேரத்துக்குச் சுருக்கி 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும் இரண்டு படங்களாகத் தந்தார். எம்.ஜி.ஆர். காலத்திலிருந்து பலர் கனவு கண்டு கைவிட்ட வேலை அது. வெட்டாமல் எடுக்க முடியாது என்பதில் தகராறு இல்லை. அந்தப் பாத்திரம் எங்கே, இந்த வசனம் எங்கே என்று பட்டியல் போடும் வாசகர்களோடு எனக்கு உடன்பாடும் இல்லை. எதை வெட்டினார் என்பதைவிட, வெட்டிய பிறகு கதை யாருடையதாக மாறியது என்று பார்ப்பதே பயனுள்ளது.

நாவலில் வந்தியத்தேவன் கடம்பூருக்கு விருந்தாளியாகத்தான் போகிறான். கரிகாலன் கொடுத்த ஓலைகளோடு தஞ்சைக்கும் பழையாறைக்கும் போகிற வழியில், சம்புவரையர் மகனான நண்பன் கந்தமாறன் வீடாயிற்றே என்று இரவு தங்குகிறான். கந்தமாறன் தன் தங்கை மணிமேகலையைப் பற்றிப் பேசிப் பேசி இவன் மனத்தில் ஆசையை வளர்த்திருந்தவன். அன்றைக்கு அவனே, அவளுக்கு வேறு பெரிய இடம் பார்த்தாயிற்று, மறந்துவிடு என்கிறான். குரவைக் கூத்து நடக்கிறது, தேவராளன் ஆடுகிறான், இளவரசன் மதுராந்தகனை அரியணையில் ஏற்ற நடுநிசியில் சிற்றரசர்கள் கூடுகிறார்கள். ராஜாங்கச் சதி அவன் கண்ணில் படுவது தூக்கம் கலைந்ததால்தான். உப்புத் தின்ற வீட்டில் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்ட சங்கடம் கதை முழுக்க அவனை விடுவதில்லை. பின்னால் கந்தமாறன் முதுகில் கத்தி பாயும்போது, குத்தியவன் வந்தியத்தேவன்தான் என்று அந்த நண்பன் நம்புவது அதனால்தான் நம்மை உறுத்துகிறது.

படத்தில் கரிகாலனே சதியை மோப்பம் பிடித்து வந்தியத்தேவனைக் கடம்பூருக்கு அனுப்புகிறான். விருந்தாளி ஒற்றனாகிவிட்டான். திரைக்கதைக்கு இது வசதி. முதல் காட்சியிலேயே கதாநாயகனுக்கு வேலை கிடைத்துவிடுகிறது. ஆனால் சங்கடம் போய்விட்டது. ஒற்றன் ஒட்டுக் கேட்பதில் என்ன குற்றவுணர்ச்சி?

மணிமேகலை படத்தில் இல்லவே இல்லை. இதைத்தான் நான் பெரிய இழப்பு என்பேன். நாவலின் பின் பாகங்களில் கடம்பூர் மறுபடி வரும்போது, அங்கே வேட்டையும் ஏரியில் படகும் பெண்களின் பேச்சுமாக ஒரு வீடு தெரிகிறது. கொலை அந்த வீட்டின் மேல் இடியாக விழுகிறது. தான் மனத்தில் வரித்தவனைக் காப்பாற்றக் கொலைப்பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ளவும் துணிகிற அந்தப் பெண், சித்தம் கலங்கி, கடைசி அத்தியாயத்தில் வந்தியத்தேவன் மடியில் உயிர்விடுகிறாள். சோழ சாம்ராஜ்யத்தின் பெருமை பேசும் ஐந்து பாகங்களை ஒரு சிற்றரசன் மகளின் சாவில் முடித்தார் கல்கி. படத்தின் கடம்பூரில் மதில் உண்டு, தூண் உண்டு, தீப்பந்தம் உண்டு. குடும்பம் மட்டும் கிடையாது. அதனால் அது கொலை நடக்கும் இடமாக மட்டும் நின்றுவிடுகிறது.

கொலையைக் கல்கி இருட்டில் வைத்தார். நடுநிசிக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய பெரிய பழுவேட்டரையர் பழியை ஏற்கிறார், வந்தியத்தேவன் சிறைக்குப் போகிறான், யார் கை என்பது துலங்குவதில்லை. கல்வெட்டு சொல்லாமல் விட்டதை நாவலும் சொல்லாமல் விட்டது. மணிரத்னம் அந்த இருட்டை நம்பவில்லை. அவருடைய கரிகாலன் சாவைத் தேடிப் பழைய காதலி நந்தினியிடம் வருகிறான். கொலை ஒரு காதலின் கணக்குத் தீர்ப்பாகிறது.

இங்கே படத்துக்கு உரியதைக் கொடுத்துவிட வேண்டும். நாவலில் கரிகாலன் நெடுநேரம் காஞ்சியிலேயே இருக்கிறான்; அவனைப் பற்றி மற்றவர் பேசுவதே அதிகம். படத்தில் கரிகாலனாக நடித்த விக்ரம் அவனைக் கண்முன் நிறுத்தினார். இரண்டாம் படம் இளம்பருவத்துக் கரிகாலனோடும் நந்தினியோடும் தொடங்குவது கல்கி செய்யாத காரியம், நல்ல காரியம். ஐந்தாம் பாகத்தில் கல்கி கதையை இழுக்கிறார் என்பதையும் ஒத்துக்கொள்ளலாம். வாராவாரம் காத்திருந்தவர்களுக்கு அது சுகமாக இருந்திருக்கும். ஒரே மூச்சில் படிப்பவருக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

இன்னொரு வெட்டு சிதம்பரத்துக்காரர்களுக்குக் கூடுதலாக உறைக்கும். தில்லைக் கூத்தனைத் திருவிசைப்பாவில் பாடிய கண்டராதித்தர் ஓர் அரசர். செம்பியன் மாதேவியின் கணவர். அவர்களுடைய உண்மையான மகன், தஞ்சையில் பூமாலை கட்டித் தேவாரம் பாடும் சேந்தன் அமுதன் என்று கல்கி கடைசியில் போட்ட முடிச்சு வரலாற்றில் இல்லாதது. ஆனால் பாட்டுப் பாடிய அரசனின் பிள்ளை பூக்கட்டுபவனாக வளர்வதில் ஓர் அழகு இருக்கிறது. படம் அந்த ஆள்மாறாட்டத்தையே விட்டுவிட்டு, அவர்கள் மகனாக வளர்ந்த மதுராந்தகனுக்கே முடிசூட்டுகிறது. குழப்பம் குறைந்தது உண்மை. கூடவே, தனக்கு வந்த மகுடத்தை விட்டுக்கொடுக்கும் அருள்மொழியின், அதாவது பின்னாளைய ராஜராஜனின், தியாகத்துக்குப் பொருளும் குறைந்தது. நாற்காலிக்காகச் சதி செய்தவனிடமே அதை நீட்டுவது ராஜதந்திரம். கேட்கவே கேட்காத ஒருவன் தலையில் மகுடத்தை வைப்பதுதான் கல்கி சொன்ன தியாகம்.

படப்பிடிப்பு ஓர்ச்சாவிலும் தாய்லாந்திலும் நடந்ததில் எனக்கு வருத்தமில்லை. வீராணத்தை வேறெங்கோ காட்டலாம். ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற மனிதர்களை விட்டுவிட்டால் எந்த ஊரில் எடுத்தாலும் ஒன்றுதான். மணிரத்னம் எடுத்தது ஆதித்த கரிகாலனின் கதை, அதை நன்றாகவே எடுத்தார். வந்தியத்தேவனின் கதையை இன்னும் யாரும் எடுக்கவில்லை. இரண்டு படங்களோடு நிறுத்திக்கொண்டவர்கள் ‘புது வெள்ளம்’ பாகத்தின் முதல் ஆறு அத்தியாயங்களையாவது படித்துப் பாருங்கள்; படித்துவிட்டுச் சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோவில் பஸ் ஏறுங்கள்.