காதுக்குத் தெரியாத வார்த்தை

திருக்கனூர் பஸ்ல போறவங்களுக்கு இது பழக்கம். கண்டக்டர் ஊர்ப் பேரை முழுசா சொல்லவே மாட்டார். "க்கனூர், க்கனூர்"னு ஒரு சத்தம், அவ்வளவுதான். அதிலயும் பாதியைப் பக்கத்து பஸ் ஹாரன் முழுங்கிடும். ஆனாலும் உங்க காதுல 'திருக்கனூர்'னு முழுசா விழுது, இல்லையா?

இது காதோட வேலை இல்லை, மூளையோட வேலை. 1970-ல் ரிச்சர்ட் வாரன் என்ற அமெரிக்க உளவியலாளர், பதிவு செய்த ஒரு வாக்கியத்தில் ஒரு சொல்லின் நடுவிலிருந்த ஒலியை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் ஓர் இருமலை வைத்தார். கேட்ட 20 பேரில் 19 பேர் எந்த ஒலியும் விடுபடவில்லை என்றார்கள்.

சொல் முடியும்வரை மூளை காத்திருப்பதும் இல்லை. 'மரு' என்று கேட்டதுமே மருந்து, மருமகள், மருத்துவர், மருதாணி எல்லாம் உள்ளே எழுந்து நிற்கும். 'மருதா' வரைக்கும் வந்ததும் மருதாணியைத் தவிர அநேகமா எல்லாம் உட்கார்ந்துவிடும். வில்லியம் மார்ஸ்லன்-வில்சன் 1970-80களில் முன்வைத்த கருத்தின் சாரம் இதுதான்.

ஆனால் இதுக்கெல்லாம் ஒரு நிபந்தனை உண்டு. அந்தச் சொல் ஒலி வடிவத்தில் ஏற்கெனவே உள்ளே இருக்கணும். கண்ணால் படித்து வைத்தது போதாது.

இப்போ நம்ம முதலாமாண்டு கணக்கு வகுப்புக்கு வாங்க. தமிழ் மீடியத்துல படிச்ச பிள்ளைக்கு 'அணிக்கோவை' அத்துப்படி. சார் 'டிடெர்மினன்ட்' என்கிறார். சரி, கைடுல பார்த்துப் படிச்சுக்கலாம்னா, அங்கே எழுத்துக் கூட்டிப் படிச்சது 'யூலர்'. வகுப்புல வர்றது 'ஆய்லர்'. படிச்சது 'ஈஜன்', கேட்பது 'ஐகன்'. 'ஃபோரியர்' எப்படி 'ஃபூரியே' ஆனார்னு பாண்டிச்சேரிக்காரங்களாவது ஊகிக்கலாம், மத்தவங்க பாவம்! பேச்சுல ஒரு விநாடிக்கு இரண்டு மூன்று சொல் ஓடும். அந்தப் பிள்ளை ஒரு சொல்லைத் தேடி முடிக்கிறதுக்குள்ள ஒரு வாக்கியமே போயிடும். கடைசி பெஞ்சுல முழிச்சிட்டு இருக்கிறவனைப் பார்த்து "வீக் ஸ்டூடன்ட்"னு முத்திரை குத்திடறோம். அவனுக்குப் புரியாதது கணக்கு இல்லை. அந்தச் சத்தம்தான்.

"காலேஜ் வந்தும் ஊட்டி விடணுமா?"னு சிலர் கேட்கலாம். பாடத்தை எளிமையாக்கச் சொல்லலை; சொல்லைக் காதுக்கு அறிமுகப்படுத்தச் சொல்றேன். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவரை நம்ம பக்கம் 'சொல்தா' என்போம். அதுக்குப் பிரெஞ்சு ஸ்பெல்லிங் தெரிஞ்சவங்க எத்தனை பேர்? கேட்டுக் கேட்டே வந்து உட்கார்ந்த சொல். நாம வீட்டுல 'வந்துனு இருக்கான்' என்போம், பேப்பர்ல 'வந்துகொண்டிருக்கிறான்' என்று படிப்போம். ரெண்டு வடிவத்தையும் இணைச்சு வச்சுக்கிற மூளைக்கு 'ஆய்லர்' ஒண்ணும் பெரிய பாரம் இல்லை.

அதனால ஆசிரியர்களுக்கு ஒரு கோரிக்கை: புதுச் சொல்லை போர்டுல எழுதும்போது ரெண்டு தடவை வாய்விட்டுச் சொல்லுங்க, வகுப்பையும் சொல்ல வையுங்க. சீனியர்களே, முதல் வாரம் ஜூனியருக்கு நோட்ஸ் ஜெராக்ஸ் கொடுக்கிறீங்க, நல்லது. கூடவே அந்த யூனிட்ல வர்ற முப்பது நாற்பது சொல்லை வாட்ஸ்அப்புல வாய்ஸ் மெசேஜா பேசி அனுப்புங்க. அஞ்சு நிமிஷம்கூட ஆகாது, பஸ்ல வரும்போதே கேட்டுடுவாங்க.