வாய் பேசாத மறுப்பு

காசிமேட்டு ஏலத்தில் வஞ்சிரத்துக்கு விலை கேட்கும் அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அதற்காக அவரைப் புரியாதவர் என்று ஒதுக்க முடியுமா? மருத்துவ ஆய்வின் படிவத்தை நிதானமாகப் படித்துக் காட்டினால் நறுக்கென்று கேள்வி கேட்பார். பக்கத்தில் நடுநிலையான சாட்சி ஒருவர் இருந்தால் போதும். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி மோதி, ஸ்டான்லி மருத்துவமனைக்கு நினைவில்லாமல் வந்து சேரும் இளைஞனின் நிலை வேறு. பெற்ற மகளையே யாரென்று கேட்கும் திருவொற்றியூர்ப் பெரியவரின் நிலையும் வேறு. இவர்களை ஆய்வில் சேர்க்கவே கூடாது என்பது கருணைபோலத் தெரியும். எனக்கு அதில் உடன்பாடில்லை. தலைக்காயத்துக்கும் மறதி நோய்க்கும் நல்ல வைத்தியம் பிறகு எப்படிக் கிடைக்கும்? மனநோயாளிகளைப் பொறுத்தவரை, 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 99ஆம் பிரிவு வழி சொல்கிறது: சம்மதம் தர இயலாதவர் எதிர்க்காவிட்டால், மாநில மனநல ஆணையத்தின் அனுமதியோடும் நியமனப் பிரதிநிதியின் ஒப்புதலோடும் ஆய்வு நடத்தலாம். சம்மதம் தரக்கூடியவர்களை வைத்து அதைச் செய்ய முடியாது என்பதையும் நிறுவ வேண்டும். என் கவலையெல்லாம் அந்த ‘எதிர்க்காவிட்டால்’ பற்றித்தான். ஊசியைக் கண்டதும் கையை இழுத்துக்கொள்வதும், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வதும் மறுப்புதான். அதைப் படிக்கத் தெரிந்தவர், தினமும் அந்தப் பெரியவரைக் குளிப்பாட்டிச் சோறூட்டும் மகள். அறநெறிக் குழு முதலில் அந்த மகளைக் கேட்கட்டும். அந்த இளைஞனுக்கோ, நினைவு தெளிந்ததுமே எல்லாவற்றையும் சொல்லி அவனிடமே சம்மதம் கேட்க வேண்டும்; வேண்டாம் என்றால் வைத்தியத்தில் எள்ளளவும் குறை வைக்கக் கூடாது.